முப்பத்தொரு கிலோ

இன்பநாதன் வரைவார். நான் எடை போடுவேன்.
இல்லாத விமானத்துக்கு ஏதுடா எடை என்று
என் மச்சினன் சிரித்தான்.
உண்டு. கிராம் வரைக்கும் உண்டு.
ரிவெட்டுக்கு உண்டு, கதவுக் கீலுக்கு உண்டு,
இன்னும் வாங்காத சாயம்
காய்ந்தபின் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கும் உண்டு.

முருகேஷ்பாளையா, மூன்றாவது கிராஸ், மாடி.
காலை பதினோரு மணிக்குக் கூரையை உரசுகிற மாதிரி
போர் விமானம் ஒன்று சோதனைக்குக் கிளம்பும்.
வாயிலிருக்கும் சொல்லைப் பாதியில் வைத்துவிட்டு
டம்ளரைப் பிடித்துக்கொள்வோம்.
அது ஒசூர்ப் பக்கம் போய்த் தேய்ந்ததும்
மீதிச் சொல்லை எடுப்பார்:
"...க்கையை இந்த இடத்தில் மடிக்கலாம்."

இ-மூன்று ஏரிக்கரையில் இறங்க வேண்டியது.
வரைந்து முடிப்பதற்குள்
ஏரி அபார்ட்மென்ட் ஆகிவிட்டது.
இ-ஐந்தை மடித்தால் ஆட்டோ போகிற கேட்டில் போகும்.
இ-ஆறைப் பற்றிப் பேசக் கூடாது.
இ-எட்டில் வாலைக் கொண்டுபோய் மூக்கில் வைத்தார்.
வாத்து மாதிரி இருக்கு சார்.
வாத்து பறக்கும்ப்பா, என்றார்.

இ-ஒன்பது மட்டும் பிறந்தது.
எஸ்.ஜே.பி. ரோட்டு அலுமினியம், சிவாஜிநகர் சக்கரம்,
பழைய புல்லட்டின் எஞ்சின்,
அவருடைய பி.எஃப். பணம் முழுக்க.
மாடியிலிருந்து இறக்க ஜன்னல் போதவில்லை;
சுவரை உடைத்தோம்.
வீட்டுக்காரர் நஞ்சேகௌடா
அட்வான்ஸில் பதினெட்டாயிரம் கழித்துக்கொண்டார்.
கயிறு பிடிக்கவும் அவரே வந்தார்.

ஜக்கூர் ஓடுபாதை, ஞாயிறு, பனி விலகாத நேரம்.
ஓட்டியவள் ஃபிலோமினா,
ஐம்பத்திரண்டு கிலோ என்பதற்காகவே
நான் சிபாரிசு செய்தவள்.
இன்பநாதன் கூடவே ஓடவில்லை, கத்தவில்லை.
பாதையோரம் படுத்துக்
கன்னத்தைத் தாரில் வைத்தார்,
சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில்
வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க.
தெரிந்தது.
பதினோரு நொடி தெரிந்தது.
இறங்கும்போது இடது கால் மடங்கிற்று.
ஃபிலோமினா வெளியே வந்து டீ கேட்டாள்.
அவர் எழுந்தபோது கன்னத்தில்
ஜல்லி பதிந்திருந்தது. நாள் முழுக்கக்
கழுவாமல் திரிந்தார்.

அப்புறம் படிவங்கள்.
'தொழிற்சாலை முகவரி' என்ற கட்டத்தில்
மாடி என்று எழுதினேன்.
டெல்லியிலிருந்து பதில் வந்தது:
இந்த வகைக்கு விதி இன்னும் வகுக்கப்படவில்லை,
வகுத்தபின் விண்ணப்பிக்கவும்.
அந்தக் காகிதத்தின் எடை ஐந்து கிராம்.
பழக்கதோஷம், தராசில் வைத்துவிட்டேன்.

இ-பன்னிரண்டு, இரண்டு பேர் உட்காரலாம்.
அவருக்கு அறுபத்தெட்டு அப்போது,
பென்சில் பிடிக்கிற கை லேசாய் ஆடும்.
கூட்டிப் பார்த்தேன்: நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
நானூறைத் தாண்டினால் தாளைக் கிழிப்பார்.
இந்த முறை கிழித்தால்
அடுத்த தாளை விரிக்கமாட்டார் என்று தோன்றியது.
முந்நூற்று எண்பத்தொன்று என்று எழுதினேன்.
என் பேரேட்டில் ஒரே பொய்.
ஏழு மாதம் வரைந்தார்,
விசிலடித்துக்கொண்டு.

போன மழையில் ஹாலில் தண்ணீர் புகுந்தது.
படங்களைக் குழலிலிருந்து உருவி
மொட்டைமாடியில் செங்கல் வைத்துக் காயப்போட்டேன்.
இ-பன்னிரண்டு வெயிலில் கிடந்தது.
இறக்கை நீளமாய்த் தெரிந்தது.
ஈரத்தில் தாள் ஊதியிருக்கும் என்று ஸ்கேல் வைத்தேன்.
இல்லை. என் எடைக்கு வேண்டியதைவிட
இரண்டடி அதிகம்.
உள்ளே ஓடும் உத்திரமும் ஒரு சுற்றுத் தடிமன்.
நான் மறைத்த முப்பத்தொரு கிலோவை
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
தூக்கிக்கொண்டிருந்தது அந்த இறக்கை.
கீழ் மூலையில், பென்சிலில், எறும்பளவு: 412.

தாளைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.
பலகைமேல் குனிந்திருந்தவர் நிமிராமலே கேட்டார்,
பதினைந்துக்கு என்னப்பா வருது எடை?

மணி பதினொன்று.
டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.